காதருக்குக் கொடுத்த ஒன்றரை மணி நேரம்

ஜெர்மனிக்கு மகள் வீட்டுக்கு வந்த புதிதில், சூடாக நாலு வடையை எடுத்துக்கொண்டு போய்க் கீழ்வீட்டு ஹெல்கா அம்மையாரின் கதவைத் தட்டினேன். திறந்தவர் முகத்தில் கலவரம். மாடியில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, வடை என்றேன். தட்டை வாங்கிக்கொண்டு குறிப்பேட்டைப் புரட்டியவர், மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மூன்றரை மணிக்குக் காப்பி குடிக்க ‘டெர்மின்’ கொடுத்தார். அதாவது, குறித்த நேரம். நான் வருவாய்த்துறையில் ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பது அத்துபடி. வடைக்கும் அப்படியொரு மேசை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. குறை சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் எனக்கும் பழகிவிட்டது. எவ்வளவு பழகிவிட்டது என்பது இந்த மார்கழியில் சொந்த ஊரான போடிக்குப் போனபோது விளங்கியது.

பதினாறு நாள் விடுமுறை. புறப்படும் முன்பே அட்டவணை போட்டு எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். ராசிங்காபுரத்துத் தங்கைக்கு ஒரு காலை. காதருக்குப் புதன் மாலை நான்கு முதல் ஐந்தரை. காதர் பள்ளிக்கூட நாளிலிருந்து என் கூட்டாளி. ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறான். அந்நாளில் அலுவலகம் முடிந்ததும் கால் தானாக அங்கே போகும். மூட்டைமேல் உட்கார்ந்து சொத்தைக் காயைப் பொறுக்கிப் போடுவேன். அவன் வியாபாரம் பார்ப்பான். என் மனைவி இறந்த வருடம், ஒரு வார்த்தையும் பேசாமல் அங்கே உட்கார்ந்திருந்த மாலைகள் எத்தனையோ. ஐந்து வருடமாக நான் ஏங்கியது அப்படி உட்காருவதற்குத்தான்.

புதன்கிழமை போனபோது கடை அடைத்திருந்தது. பின்னாலிருந்த வீட்டில் சோபாவுக்குப் புது உறை. மகன்கள் இருவரும் சலவைச் சட்டையில் நின்றார்கள். காதர் எதிரே உட்கார்ந்து, அங்கே குளிர் எப்படி என்று கேட்டான். சொன்னேன். பிள்ளைகள் நலமா என்று நான் கேட்டேன். பிள்ளைகள் என் கண்ணெதிரே நின்றார்கள். நாற்பது நிமிடத்தில் விஷயம் தீர்ந்தது. மீதி நேரம் அட்டவணைப்படி உட்கார்ந்திருந்தோம்.

சீசனில் ஏன் கடையை அடைத்தாய் என்றேன்.

“தாசில்தாரு ஆய்வுக்கு வர்ற மாதிரி டயம் போட்டு அனுப்பிருக்க. கடையில ஒக்கார வச்சா மரியாதையா இருக்குமா மாப்ளே?”

நாளைக்குச் சும்மா கடைக்கு வருகிறேன் என்றேன். நாளை போடிமெட்டிலிருந்து லோடு இறங்குகிறது, தான் மலைக்கு மேலே போக வேண்டும் என்றான். வெள்ளிக்கிழமை வரச் சொன்னான். நான் பையிலிருந்து அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். வெள்ளியன்று நான்கு வீடுகள். அவன் சிரிப்பு நின்றது. வழியனுப்ப வந்தவன் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றான்.

“அடுத்த தடவ வர்றேன்னு சொல்லாத. வா. நான் இருந்தா இருப்பேன். இல்லாட்டி மூட்ட கெடக்கு, ஒக்காரு.”

சொல்லாமல் போவதற்கும் நடைமுறை உண்டு. மகளோடுதான் போக முடியும்; அவள் விடுப்புக்குப் பத்து மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த மார்கழிக்கு இப்போதே டிக்கெட் எடுத்தாயிற்று; காதருக்கு மட்டும் தெரியாது. இருவருக்கும் எழுபத்தொன்று. அவன் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட்.

சனிக்கிழமைதோறும் கூப்பிடுகிறான். “எப்ப வர்ற மாப்ளே?” என்பான். தெரியலையே என்பேன். அதற்குப் பிறகு பேச ஒன்றுமிருப்பதில்லை. ஆனால் அவனும் போனை வைப்பதில்லை, நானும் வைப்பதில்லை. ஒரு காதில் மலையிலிருந்து இறங்கிவரும் ஜீப்பின் ஹாரன், யாரோ மூட்டையை இழுத்துப் போடும் சத்தம். இன்னொரு காதின் பக்கம், ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருக்கிறது. அதற்குச் சத்தமே இல்லை.