கண் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு ஓவியம்

என் கணவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கத் தொடங்கியதிலிருந்து, மாதம் ஒருமுறை புதுப்பட்டினத்தில் பஸ் ஏறிச் செங்கல்பட்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலையில் இருக்கிறார். மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே வயதானவர். அவருக்குப் போய் எதையும் நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு மசமசப்பு. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார்கள்.

ஊசிக்கு முன்னால் சொட்டு மருந்து விட்டு உட்காரவைப்பார்கள். அந்த நேரத்தில் எதிரே இருப்பது எதுவும் அவருக்குச் சரியாகத் தெரியாது. பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறவர் இல்லை. என் முந்தானை நுனியைச் சுருட்டுவார், விடுவார், மறுபடி சுருட்டுவார்.

எதிர்ச்சுவரில் ஒரு ஓவியம் மாட்டியிருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று அதில் இருப்பதை அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். படகுகளுக்காகக் கடற்கரையில் காத்திருக்கும் பெண்கள். எல்லாரும் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்து, ஒரு சிறுமிக்குத் தலை பின்னுகிறாள். கடல் நீலமாக இல்லை, அரிசி களைந்த தண்ணீர் நிறம். வெயில் பட்டுச் சிறுமியின் காது சிவந்து தெரிகிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் அதில் புதிதாக ஏதோ ஒன்று கண்ணில் பட்டது. நாளாக ஆக, ஊசி நாள் என்றால் எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் போகிற நாள் என்றே ஆகிவிட்டது.

சில மாதங்களில் அவர் பார்வை கொஞ்சம் தெளிந்தது. ஒருநாள் சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் எழுந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தார். திரும்பி வந்து, "பின்னவே இல்லை. பேன் பாக்கறா. இத்தனை நாளா தப்பாவே சொல்லிருக்க" என்றார். நான் விடவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பஸ்ஸில் சண்டை. அவர் என்னோடு அப்படி வாதாடி எவ்வளவோ நாளாகியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அடுத்த முறை, யார் வரைந்தது என்று டோக்கன் கொடுக்கிற பெண்ணைக் கேட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பள்ளியில் அவளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த டீச்சராம். ரிட்டயர் ஆகிச் சொந்த ஊரான கோவளத்தில் இருக்கிறாராம். இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கோவளம் போனோம். சர்ச்சுக்குப் பின்னால் சின்ன வீடு. நைட்டிமேல் துண்டு போட்டபடி டீச்சரே கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"அது இன்னும் அங்கியா மாட்டிகீது? எப்பவோ தூக்கிப் போட்ருப்பாங்கன்னு நெனச்சேன்."

அவருடைய அம்மாவுக்கு அங்கேதான் கண் ஆபரேஷன் நடந்ததாம். நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் படத்தைக் கொடுத்துவிட்டு வந்தாராம். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அடுப்படி மேடையில் வைத்து வரைந்தவை இன்னும் நிறைய இருந்தன. இளவயதில் ஒருமுறை அவற்றைச் சென்னையில் ஒரு கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். எல்லாம் வீட்டு விஷயமாகவே இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வரைவதை விடவில்லை, வெளியே எடுத்துப் போவதைத்தான் விட்டுவிட்டார்.

என் கணவர் பொறுமையில்லாமல் எங்கள் வழக்கை எடுத்தார். டீச்சர் சிரித்தார்.

"ரெண்டும் இல்ல. சிக்கு எடுத்துகினு கீறாங்க. அது எங்கம்மா, பொண்ணு நானு. முடிய வேர்கிட்ட புடிச்சிகினு எடுத்தா வலிக்காது."

பிறகு டீச்சர் தானாகவே சொன்னார்.

"படகு வர்றதுக்கு லேட்டாச்சுன்னா எல்லாரும் கடலப் பாத்துகினு நிப்பாங்க. எங்கம்மாவால பாக்க முடியாது. என் தலையப் புடிச்சிப்பாங்க. சிக்கே இருக்காது, ஆனா எடுத்துகினே இருப்பாங்க."

என் கணவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த ஊசிக்கு டீச்சரும் எங்களோடு வந்தார். படத்தின் அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் தள்ளி இடம் விட்டார்கள். வெகுநேரம் நின்று பார்த்தார். "அம்மா கைய நல்லாத்தான் போட்ருக்கேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். முன்பு நான் ஏதோ ஒரு கை என்று பார்த்த அந்த இடது கை, எவ்வளவு பதற்றத்திலும் குழந்தைக்கு வலிக்கக் கூடாது என்று முடியை வேருக்கருகில் பற்றியிருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளம் போகிறோம். டீச்சர் என் கணவரை வரைகிறார். இவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்வதுபோல விறைப்பாக உட்கார, "எதுனா பேசுங்க சார், பேசுனாத்தான் மொகம் வரும்" என்று அவர் சொல்ல, இவர் மீட்டர்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். நெற்றியும் மூக்கும் வந்துவிட்டன. வாய் இன்னும் வரவில்லை, பேச்சை நிறுத்தினால்தானே வரைய முடியும் என்கிறார் டீச்சர்.