சகலை வீட்டுக் குளம்

மழை வரப்போகிறது, எல்லோரும் உடனே கிளம்பி வாருங்கள் என்று சகலை போன் செய்த அந்த மதியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு லேசாகக் காந்துகிறது. சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று, தோவாளைக்குப் பக்கத்தில் பிச்சிப்பூத் தோட்டங்களுக்கு நடுவே வீடு கட்டிக் குடியேறியிருந்தார். மழை பார்க்க வா என்று யாராவது விருந்தாளியைக் கூப்பிடுவார்களா? என் மனைவியும் மகளும் என்னைக் கடையிலிருந்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் போய் இறங்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. ஓட்டுக் கூரையில் விழுந்த தண்ணீர் ஓரத்துத் தகரத்தில் ஓடி, ஓர் இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கல்தொட்டியில் நிரம்பி, கூழாங்கல் பாவிய சிறு வாய்க்காலில் வளைந்து போய்க் குளத்தில் விழுந்தது. குளம் என்ன பெரிய குளம், ஒரு காரை நிறுத்தலாம், அவ்வளவுதான். மகள் கைதட்டினாள். என் மனைவி தன் அக்காவின் தோளில் சாய்ந்து நின்றாள். சகலை நனைந்துகொண்டே குனிந்து, வாய்க்காலை அடைத்த ஒரு மாவிலையை எடுத்து வீசினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் மனைவி என் வீட்டில் எதையும் அப்படி வாய் திறந்து பார்த்து நின்றதில்லை.

எனக்கு நாகர்கோவிலில் டைல்ஸ் கடை. குழாய், மோட்டார், முற்றத்தில் வைக்கிற ஃபவுன்டன் வரை எல்லாம் உண்டு. சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும் என்னிடம்தான் வருவார்கள். சகலை வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய அன்றே, "அண்ணாச்சி, தரைக்கு வேண்டியதை நம்ம கடையிலயே எடுத்துக்கிடுங்க, நல்ல சரக்கா நானே பாத்துத் தாரேன்" என்று சொன்னேன். அவர் தோளில் கைபோட்டு, "வேண்டாம்வே. தரை மூச்சு விடாண்டாமா?" என்றார். பிறகு இடிபடுகிற பழைய வீடுகளாகப் பார்த்து அலைந்து, கூரை ஓடும் கதவும் உத்தரமும் வாங்கி வந்தார். செம்மண் கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பினார். குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் சரளைக்கல் நிரப்பிய ஒரு பள்ளத்தில் கல்வாழை, சேம்பு வேர்களுக்கிடையே ஊறி, தெளிந்து, வாழைக்கும் கத்தரிக்கும் போயிற்று. அந்த வீட்டுக்குள் என் கடைப்பொருள் என்று ஒரு குழாய்கூடப் போகவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னிடமே திரும்பி, "நல்லா குளுகுளுன்னு இருக்கு, இல்லையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றுதான் நானும் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வீட்டைவிட என்னைத் துன்புறுத்தியது வேறொன்று. அவர் தோற்றுக்கொண்டே இருந்தார், அதற்காக ஒருநாளும் முகம் வாடவில்லை. முதலில் வெட்டிய குளத்தில் தண்ணீர் நிற்கவே இல்லை. வயலிலிருந்து களிமண் கொண்டுவந்து கொட்டி, அவரும் அவர் மனைவியான மைனியும் சாயங்காலங்களில் கைகோத்து நின்று மிதித்தார்கள். தண்ணீர் நின்றது, கொசு வந்தது. கொசுவுக்கு மீன் விட்டார், மீனுக்குக் கொக்கு வந்தது. தாமரை வைத்தார், இலை படர்ந்து குளமே தெரியாமல் போயிற்று. அதைப் பிடுங்கிவிட்டு அல்லி வைத்தார். ஒவ்வொரு தோல்வியையும் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, "கேட்டீரா, கொக்குக்கு நான் ஓட்டல் நடத்துகேன்" என்று சொல்லிச் சிரிப்பார். பந்தியே சிரிக்கும். நானோ, ஒட்டிக்கொடுத்த டைல்ஸ் ஒன்றைத் தட்டும்போது உள்ளே பொள்ளென்று சத்தம் கேட்டால் சோறு இறங்காதவன். பிழையைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி ஒருவனால் சிரிக்க முடிகிறது? அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும் என்று இருந்தது. அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

சும்மா இருந்தேனா? என் வீட்டு முற்றத்திலும் ஒன்று கட்டினேன். சிமென்ட் தொட்டி, உள்ளே நீல டைல்ஸ், நடுவில் தண்ணீர் பீச்சுகிற ஃபவுன்டன், சுற்றிலும் கலர் விளக்கு. சுவிட்சைப் போட்டுவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த 'தான்' எனக்குப் போதுமானதாக இருந்தது. போர்வெல் தண்ணீரில் உப்பு. வாங்கி விட்ட மீன்கள் அந்த வாரமே மல்லாந்து மிதந்தன. கோடையில் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையானது. மோட்டார் அடைத்துக்கொண்டு முனகியது. ஒரு நாள் தண்ணீரை இறைத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டேன். அந்தக் கோடையில் சகலை வீட்டுக் குளமும் வற்றும் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். பாதியாய்க் குறைந்தது, வற்றவில்லை.

அடுத்த வருடம் மகளுக்கு மார்த்தாண்டம் பக்கம் வரன் அமைந்தது. நிச்சயதாம்பூலத்துக்கு மண்டபம் பார்க்கக் கிளம்பும்போது அவள் தயங்கித் தயங்கி, "அப்பா, பெரியப்பா வீட்ல வச்சுக்கிடலாமா? குளத்தாங்கரையில போட்டோ எடுத்தா நல்லா இருக்கும்" என்றாள். அவள் கேட்டு நான் மறுத்ததில்லை. அன்றைக்கு அல்லி நிறையப் பூத்திருந்தது. மாப்பிள்ளையின் பெரிய மாமா வந்து இறங்கியதும் சுற்றிலும் பார்த்துவிட்டு, நேராகச் சகலையிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பெண்ணுக்க அப்பா நீங்களாக்கும், இல்லியா? வீடு கொள்ளாம், நல்ல அழகு." சகலை பதறிப்போய் என்னை இழுத்து முன்னால் நிறுத்தி, "அப்பா இவருல்லா! நான் பந்தல்காரன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பெருந்தன்மையாக இல்லாமல் இருந்திருந்தால் அவரை வெறுக்கவாவது வழி இருந்திருக்கும்.

மகளின் கல்யாணம் முடிந்த சில மாதங்களில் சகலைக்கு இடது பக்கம் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கால் நகரவில்லை, பேச்சு குழறியது. அவர்கள் பையன் துபாயில். ஒரு நாள் மைனி போனில், "குளம் நாறுது. அவங்க ஜன்னல் வழியா அதையே பாத்துட்டு இருக்காங்க. நீங்க ஒருநடை வந்து பாக்க முடியுமா?" என்று கேட்டாள். ஒருநடை என்று போனவன் ஞாயிறுதோறும் போனேன். முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினால், காலடியில் களிமண் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அழுகின இலைகளை அள்ளிக் கத்தரிக்குப் போட்டேன். சரளைப் பள்ளத்தைத் தோண்டிக் கல்லைக் கழுவித் திரும்பப் போட்டேன். அல்லிக் கிழங்கைப் பிரித்து, வெயில் விழுகிற மூலையில் மாற்றி வைத்தேன். அது பிடிக்குமோ பிடிக்காதோ என்று எனக்கே தெரியாது. ஆனால் திங்கள்கிழமை கடையில் உட்கார்ந்திருக்கும்போதே மனம் அங்கே போய்விடும். ஒரு பில்லைத் தப்பாகப் போட்டுவிட்டுக் கடைப் பையன்களோடு சேர்ந்து சிரித்தேன். அவர்கள் என்னை வினோதமாகப் பார்த்தார்கள்.

மழை வந்தது, அல்லி மூலையெல்லாம் பூத்தது. ஒரு ஞாயிறு சகலையைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் குளத்தைச் சுற்றி நின்று, இவ்வளவு அழகாக இதைப் பார்த்ததே இல்லை என்றார்கள். மைனி காப்பித் தட்டோடு வந்து, "எல்லாம் இவங்க கைராசிதான்" என்று என்னைக் காட்டினாள். எத்தனை வருடமாகக் காத்திருந்த பேச்சு அது! நான் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன். சகலை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்தது பூவை அல்ல, என்னை. பிறகு குழறிய குரலில் மைனியைக் கூப்பிட்டு, "ஜன்னலை அடை, காத்து அடிக்கி" என்றார். அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. அந்தக் கண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்துத்தானே இத்தனை காலம் முகம் மழித்திருக்கிறேன்! ஒரு நொடி இனித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த நொடி காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். அவருக்கு அந்தக் கண் வந்திருக்கக் கூடாது. அவருக்கே வந்துவிட்டதென்றால் நான் பார்த்துப் பொறாமைப்பட இனி யார் இருக்கிறார்கள்?

நல்லவேளை, மனுஷர் எழுந்துவிட்டார். தினமும் பிடிவாதமாக நடந்து பழகி, கைத்தடியோடு ஒரு ஞாயிறு குளக்கரைக்கே வந்து நின்றார். நான் நட்ட மூலையைத் தடியால் சுட்டி, "அங்க வைக்கப்பிடாதுவே, வேரு கரையைத் தின்னும்" என்றார். நான் அதைப் பிடுங்கி அவர் சொன்ன இடத்தில் வைத்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "இனி நீரு ஞாயித்துக்கிழமை கெடந்து சிரமப்படாண்டாம். நான் பாத்துக்கிடுவேன்" என்றார். குரலில் பழைய சிரிப்பு வந்திருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் காலில் காய்ந்த களிமண் உதிர்ந்துகொண்டே வந்தது. என்னுடையது எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல அவர்மேல் அப்படி ஓர் ஆத்திரம்.

இப்போது என் மனைவிதான் அங்கே போய்வருகிறாள். நான் கடையைச் சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். போன மாதம் சகலையே போன் செய்தார். "மீனு ரெண்டு மூணு மேல வந்து வாயைப் பொளக்குதுவே. என்ன செய்யட்டு?" என்னிடம் அவர் யோசனை கேட்டது அதுவே முதல் தடவை. கடையில் ஆள் நின்றதையும் பொருட்படுத்தாமல் விளக்கமாகச் சொன்னேன்: பழைய தண்ணீரில் பாதியை இறைத்துவிடுங்கள், தொட்டித் தண்ணீரை உயரத்திலிருந்து விழ விடுங்கள், மீனுக்குத் தீனி போடாதீர்கள். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. சாயங்காலம் மகள் போனில் பேசினாள். "பெரியப்பா காலம்பற இவங்களுக்கும் போன் பண்ணினாங்கப்பா, மீனுக்கு என்ன செய்யணும்னு. இவங்க என்னமோ சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். இவங்க என்றால் என் மருமகன்.

மீன்கள் பிழைத்துக்கொண்டன என்று மனைவி வந்து சொன்னாள். யார் சொன்னதைச் செய்தார் என்று சகலையிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்க மாட்டேன். என் மருமகன் நல்ல பையன். அவனையும் பிடிக்காமல் போய்விடக் கூடாது.