தண்ணி காட்டிய காலை

மகள் கோவையில் விடுதியில் சேர்ந்தபோது தன் ஹாம்ஸ்டரை எங்களிடம் விட்டுச் சென்றாள். உள்ளங்கைக்குள் அடங்கும் எலி. சென்ற மாதம் அதன் வயிற்றில் கட்டி வந்தது. தின்பதை நிறுத்திவிட்டு, மூலையில் ஒருக்களித்துக் கிடந்து மூச்சு வாங்கியது.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, பிழைக்காது, வலியில்லாமல் முடித்துவிடலாம் என்றார். முதலில் மயக்க வாயு, நினைவு போனபின் ஊசி. அதற்கு எதுவும் தெரியாது. மறுநாள் காலை கொண்டுவரச் சொன்னார். மகளிடம் போனில் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "வலிக்காதுல்லம்மா?" வலிக்காது என்றேன்.

மறுநாள் எனக்குச் சேலத்தில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை. கூண்டைக் கணவரிடம் ஒப்படைத்தேன். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கோழிப்பண்ணை. தீவன மூட்டைக்கு வரும் எலிகளைப் பொறியோடு தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் கொல்வது அங்கே அன்றாட வேலை.

மாலையில் கேட்டேன். "ஏனுங்க, ஆச்சுங்களா?"

"ஆச்சு. காலைலயே தண்ணி காட்டிட்டேன்."

எங்கள் பக்கம் ஆடுமாடுகளுக்குக் குடிக்கக் கொடுப்பதை அப்படித்தான் சொல்வோம். கிளம்புமுன் அதன் தாகம் தீர்த்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கேட்காமலே இரண்டாவது காப்பி போட்டேன்.

பிறகு கூண்டைக் கழுவி வைக்கலாம் என்று தேடினேன். அது பண்ணைத் தொட்டியின் மேல், எலிப்பொறிகளுக்கு நடுவே இருந்தது. நனைந்த மரத்தூள் கம்பிகளின் உச்சிவரை ஒட்டிக் காய்ந்திருந்தது.

"டாக்டர்கிட்டப் போகவே இல்லீங்களா?"

"இதுக்குப் போயி நாமக்கல் போகோணுமா? கோழிப்பண்ணக்காரன் எலிக்கு ஊசி போடக் கொண்டாந்திருக்கான்னு ஊரே சிரிக்கும். எப்படியும் சாவறதுதான?"

"அவளுக்கு வாக்குக் கொடுத்தனுங்க."

"அவளுக்கென்ன தெரியவா போவுது?"

அப்போதே மகளின் அழைப்பு வந்தது. போனை அவரிடம் நீட்டினேன். தடுமாறுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஊசி போட்டாங்க சாமி. அப்பா பக்கத்துலயேதான் நின்னேன். கஷ்டப்படல. தூங்கற மாதிரியே போயிருச்சு. நீ அழுவாத."

ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. குரல் இளகியிருந்தது. சரியான இடத்தில் ஒரு பெருமூச்சும் வந்தது.

என் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தபோது நான் ஊரில் இல்லை. உடனிருந்தவர் இவர். கஷ்டப்படவில்லை, தூங்குவது போலப் போய்விட்டார் என்று இதே குரலில்தான் என்னிடம் சொன்னார். மகளிடம் அவர் பேசிய அந்த மாலைவரை அதை நம்பியிருந்தேன்.