அம்மன் குளிக்கும் நேரம்

மட்டாஞ்சேரி சுக்குக் குடோனில் மூட்டை தூக்கும் ஒச்சப்பன் வெள்ளிக்கிழமை மட்டும் பூசாரி. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த சில குடும்பங்கள் சேர்ந்து குடோன் சந்தில் வைத்த அம்மன் அது. கூரை போட இடத்துக்காரர் சம்மதிக்கவில்லை, அம்மனும் வற்புறுத்தவில்லை. அபிஷேகம் முடிந்து சேலை சாத்தும்வரை முன்னால் திரை போட்டுவிடுவார். பெண் தெய்வம் குளிப்பதை யாரும் பார்க்கலாகாது. அவரே கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் மஞ்சள் நீர் ஊற்றுவார்.

அந்தச் சந்தின் கம்பத்தில் போலீஸ் ஒரு கேமரா வைத்தது. கறுப்புக் கண்ணாடி உருண்டை. எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

“ஆதார் குடுத்தாச்சு, ரேகை வச்சாச்சு, ஸ்டேஷன்ல போட்டோவும் குடுத்தாச்சு. இன்னும் நம்மகிட்ட என்னத்தப் பார்க்கணுமாம்?” என்றார் பக்கத்து வீட்டு வெங்கிடேஷ். அன்றிலிருந்து பல் விளக்குவதையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

ஒச்சப்பனுக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை. அம்மனைப் பற்றித்தான். மனைவி கற்பகம் வேறு, “நான் குளிக்கையில எவனாச்சும் மேலருந்து பார்த்தா சும்மா இருப்பியாய்யா?” என்று கேட்டுவிட்டாள்.

ரோந்து வரும் மலையாளி போலீஸ்காரர் சந்தீப்பிடம் விசாரித்தார்.

“அண்ணாச்சி, அதுக்குப் பின்னால ஆளே இல்லா. சும்மா ரெக்கார்டு ஆகும். சத்தியமாயிட்டு.”

“வெள்ளிக்கிழமை மட்டும் அங்கிட்டுத் திருப்பி வைக்கலாமா சாரே?”

“மேலே சொல்லித் திருப்பலாம்.”

“திருப்பினது எனக்கு எப்படித் தெரியும்?”

“விசுவசிக்கணும்.”

அம்மனை நம்புவதில் ஒச்சப்பனுக்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை. அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பழைய சுக்குச் சாக்குகளைத் தைத்து, நாலு பக்கமும் மேலேயும் மூடிவிட்டார். உள்ளே புழுக்கம். சுக்கு நெடியில் தும்மல் வந்தது. தும்மிவிட்டு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். இரண்டாவது குடம் ஊற்றுவதற்குள் வெளியே பைக் வந்து நின்றது.

“அண்ணாச்சி, உள்ளே எந்தா? ஒண்ணும் தெரியலைன்னு கண்ட்ரோல் ரூம்ல கேக்குது.” சந்தீப்தான்.

“ஆளே இல்லைன்னீங்களே சாரே?” என்றார் ஒச்சப்பன் உள்ளிருந்தபடி.

சந்தீப் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். “திறந்து பாக்கணும்னு ஆர்டர்.”

கற்பகம் குறுக்கே வந்து நின்றாள். “அம்மன் ஈரத்தோட நிக்கிறா. சேலை சாத்தினப்புறம் பாருங்க. உங்க வீட்ல பொம்பளைங்க இல்லையா?”

இருந்தார்கள். சந்தீப் ஷூவைக் கழற்றினார். சாக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். உள்ளே ஒச்சப்பனுக்குக் கண் கலங்கியது. சுக்கும் காரணமாக இருக்கலாம்.

கொசுவம் வைத்து முடிப்பதற்குள் சந்தீப்பின் போன் அடித்தது.

“சார்... ஷூவா? இது கோவில் சார்... இல்லா சார், சும்மா நிக்கல. திரும்பி நிக்கறது எதுக்குன்னா சார்...”

போனை வைத்துவிட்டு எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

கற்பகம் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். “உள்ள வந்து நில்லுங்க சேட்டா. கண்ணை மட்டும் மூடிக்கிடுங்க.”

சந்தீப் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனார்.