முழு முகவரி

பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பேசுவது தமிழ், ஆபீசுக்கு எழுதுவது மலையாளம். பள்ளியில் இரண்டையும் சொல்லிக்கொடுத்த நான், ஓய்வு பெற்ற பிறகு ஊருக்கே மனு எழுதுகிறவளானேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மனுவின் பின்பக்கம் கையெழுத்துப் போடுகிறவர்களை மொட்டையாகப் பெயர் மட்டும் போட விடமாட்டேன். வீட்டு எண், வார்டு, போன் நம்பர் எல்லாம் வேண்டும். மறைக்க ஒன்றுமில்லாதவர்கள் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நம்பினேன்.

போன கோடையில் கால்வாய்த் தண்ணீர் கடைசி வயல்களுக்கு வரவே இல்லை. மேலே மதகை மூடிவைத்திருந்தார்கள். மனு எழுதினேன். பக்கத்து வீட்டு நர்ஸ் பெண், டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டாள். அவள் அப்பாவின் வயலும் காய்ந்துதான் கிடந்தது. நாங்கள் சிலர் பாசன ஆபீசுக்குப் பஸ் ஏறிப் போய், அதிகாரி வரும்வரை வராந்தாவில் நின்று கொடுத்துவிட்டு வந்தோம். உரக்கப் பேசக்கூட இல்லை.

அடுத்த வாரம் போலீசில் கூப்பிட்டார்கள். சட்டவிரோதமாகக் கூடினோம், அலுவலரைத் தடுத்தோம் என்று வழக்கு. யார் யார் வந்தார்கள் என்று விசாரித்தார்களா என்ன? என் மனுவின் பின்பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஆபீஸ் வாசலை மிதிக்காதவர்களும் அதில் குற்றவாளிகள். என் ஒழுங்கு அவர்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று.

நர்ஸ் பெண்ணுக்கு அப்போது வெளிநாட்டு வேலை கைக்கு வந்திருந்தது. போலீஸ் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி; வழக்கில் அவள் பெயரும் இருந்ததால் அதைத் தர மறுத்தார்கள். நாங்கள் மனு கொடுத்த நேரத்தில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்ததற்கான டியூட்டிப் பதிவோடு நானும் ஸ்டேஷனுக்குக் கூடப் போனேன். மேசைக்குப் பின்னாலிருந்தவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. கோர்ட்டில் சொல்லிக்கொள்ளச் சொன்னார். அதற்குள் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. தண்ணீர் கேட்டதற்கு ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இந்தக் கோடையிலும் மதகு திறக்கவில்லை. மறுபடி தாளோடு வீடு வீடாகப் போனேன். "நாயந்தானுங்க டீச்சர், கையெழுத்து மட்டும் வேண்டாமுங்க" என்றார்கள். வழக்குப் போட்டவர்கள் எதிர்பார்த்ததும் இதைத்தான். ஊர்க்காரர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் ஏது?

நர்ஸ் பெண்ணின் வீட்டை மட்டும் தாண்டிப் போகப் பார்த்தேன். வாசலில் நின்றிருந்தவள் கூப்பிட்டாள்.

"ஏனுங்க டீச்சர், எங்க ஊட்டுக்கு வராமப் போறீங்க?"

"உனக்கு நான் செஞ்சது போதாதா கண்ணு?"

"வேலை போயிருச்சுங்க. இனி எங்கிட்ட எடுக்கறதுக்கு என்ன இருக்குது? பேனாவக் குடுங்க."

முகவரி வேண்டாம், பெயர் போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. வீட்டு எண், வார்டு, போன் நம்பர் என்று ஒன்று விடாமல் எழுதிவிட்டுத் தாளை நீட்டினாள்.

"போன தடவ வராமயே கேசு போட்டாங்க. இந்தத் தடவ நெசமாவே வந்து நிக்கறனுங்க."