ரிம்மில் தேங்காய் எண்ணெய்

1. கெர்லிங் இறக்கம்

"அண்ணே, பிரேக் புடிக்கல" என்று முதலில் கத்தியவள் பார்வதி. கெர்லிங்கை விட்டுக் கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மழை கொட்டுகிறது, ரோடு இறங்குகிறது, எதிரே பலகை ஏற்றிய லோரி வருகிறது. அவள் சைக்கிளை ஓரத்துப் புல்லில் இறக்கி விழுந்தாள். பின்னால் வந்த மூன்று பையன்களும் அப்படியே ஒருவர்மேல் ஒருவர் போய் விழுந்தார்கள். யாருக்கும் எலும்பு முறியவில்லை, எங்கள் நல்ல காலம்.

எண்பதுகளின் நடுவில் நான் கோலா சிலாங்கூரில் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக். ஓர் எஸ்டேட் இளைஞர் மன்றம் கெர்லிங்கிலிருந்து பாகான் நக்கோடா ஓமார் வரை இரண்டு நாள் சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்தது. பின்னால் லோரியில் டூல்ஸ், டியூப், செயினோடு வருவது என் வேலை. கடைசிவரை மிதித்து முடிப்பவர்களின் பெயர் மாநிலச் சைக்கிள் குழுவின் தேர்வுப் போட்டிக்குப் போகும் என்று மன்றத் தலைவர் அறிவித்திருந்தார். எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் வெட்டும் பார்வதி அதற்காகத்தான் வந்திருந்தாள். கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண்.

முந்தின நாள் சாயங்காலம் எல்லா வண்டியின் பிரேக்கையும் நானே பார்த்து டைட் செய்திருந்தேன். அப்புறம் எப்படி? பிரேக் ரப்பர் பிடிக்கிற சக்கர ரிம்மைத் தொட்டேன், வழுக்கியது. விரலை மோந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய். விசாரித்தால், நான் போன பிறகு வண்டிகளைக் கோயில் முன்னால் நிறுத்திப் பூசை போட்டிருக்கிறார்கள். பொட்டு வைக்கட்டும், எலுமிச்சம்பழம் நசுக்கட்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் போட்டோவில் பளபளவென்று தெரியட்டும் என்று ரிம்முக்கெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னவர் யார்? தலைவர்தான். எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அவர்.

லோரியின் முன் சீட்டிலிருந்து குடை பிடித்துக்கொண்டு இறங்கினார். "என்னாலா செக் பண்ணே நீ?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"செக் பண்ணிட்டுத்தான் போனேன் ஐயா. எண்ணெ தடவுனா எந்த பிரேக்கும் புடிக்காது."

"சாமி காரியத்த கொற சொல்லாத."

எந்தச் சாமி ரிம்முக்கு எண்ணெய் கேட்டது?

2. யாரை ஏற்றுவது

துணி சோப்பைப் போட்டு ரிம்மையெல்லாம் தேய்த்தேன். கழுவ மழையே போதுமாக இருந்தது. பஞ்சர் ஒட்ட வைத்திருந்த சேண்ட்பேப்பரால் பிரேக் ரப்பரைச் சுரண்டினேன். விழாதவர்களும் வரிசையில் நின்று தங்கள் வண்டியைக் கழுவிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது தலைவர் சொன்னார், "பார்வதி வண்டிய லோரில ஏத்து. அதுவும் ஏறட்டும்."

"ஏன் ஐயா? சரியாயிருச்சே."

"பொம்பளப் புள்ள. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அதோட அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"

முழங்கையில் ரத்தத்தோடு நின்ற பார்வதி கேட்டாள், "விழுந்த மத்த மூணு பேருக்கும் அப்பா இல்லீங்களா ஐயா?"

அந்த மூவரில் ஒருவன் சேகர், தலைவரின் அக்காள் மகன். அவனை ஏறச் சொல்லவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஏத்தணும்னா நாலு வண்டியையும் ஏத்துறேன்" என்றேன். "ஒன்ன மட்டும் தூக்க மாட்டேன்."

"ஒன் தவுக்கேகிட்ட சொல்றேன் இரு."

"சொல்லுங்க லா. எங்க மொதலாளியும் சைக்கிள் கடக்காரருதானே."

நாங்கள் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் பார்வதி ஏறி மிதித்துப் போயே போய்விட்டாள். அதுதான் சரியான பதில்.

மறுநாள் கடலோர ரோட்டில் இன்னும் மோசம். செக்கிஞ்சானில் வயல்காட்டுக் காற்று ஆளையே பக்கவாட்டில் தள்ளியது. பார்வதியின் செயின் அறுந்தது. மழையில் என் கை விறைத்துச் செயின் பின்னைத் திரும்பக் குத்த முடியவில்லை. முன்னால் போய்விட்ட சேகர் திரும்பி வந்து, செயினின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

3. பாகான் நக்கோடா ஓமார்

பாகான் நக்கோடா ஓமாரில் சாமியானா, மாலை, மைக் எல்லாம் தயார். "பெண்களுக்கும் எங்கள் மன்றம் சம வாய்ப்புக் கொடுக்கிறது" என்று தலைவர் பேசினார். பிறகு முடித்தவர்களின் பெயர்களை வாசித்து மாலை போட்டார். பார்வதியின் பெயர் வரவில்லை.

நான் போய்க் கேட்டேன். "லோரில ஏறுன்னு சொன்னேன், கேக்கல. அதனால கணக்குல சேராது" என்றார். மைக்கை மூடாமல் சொன்னதால் எல்லாருக்கும் கேட்டது. முழு வழியும் மிதித்து வந்தவள் சேரவில்லையாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சேகர் எழுந்தான். கழுத்து மாலையைக் கழற்றி மாமாவின் மேசையில் வைத்தான். "நானும்தான் விழுந்தேன் மாமா. அப்ப என் பேரையும் எடுத்துருங்க." விழுந்த மற்ற இருவரும் மாலையைக் கழற்றினார்கள். அப்புறம் விழாதவர்களும். மேசை நிறைந்துவிட்டது. தலைவர் மாலைகளை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, மைக்கில் பார்வதியின் பெயரைச் சொன்னார்.

இப்போது நெடுந்தூரம் சைக்கிளில் கிளம்பும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எண்ணெய் செயினுக்குத்தான், ரிம்முக்கு இல்லை. மழையில் இறக்கத்துக்கு முன்பே பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள். யாரையாவது லோரியில் ஏற்றச் சொன்னால், ஏன் அவரை மட்டும் என்று கேளுங்கள்.

பார்வதி தேர்வுப் போட்டிக்குப் போனாள். ஜெயிக்கவில்லை, பின்னால்தான் வந்தாள். போய்த் தோற்றுவிட்டு வருவதற்கே ஒருத்திக்கு அவ்வளவு சண்டை தேவைப்பட்டது.