தூரக் கொட்டாயில் ஒரு மேசை

என் மச்சாண்டார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், ஒரு கதை சொல்வார். கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, நாலு பேர் கூடிவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறித்த காலத்தில் ஊருக்குள் போலீஸ் வந்ததும், தானும் தம்பியும் பங்காளி ஒருவரும் கரும்புக்காட்டில் பூந்து தப்பித்ததும்தான் கதை. கரும்புச் சோகை முகத்தைக் கிழித்ததாம். சாரைப்பாம்பு ஒன்று காலைத் தாண்டிப் போனதாம். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாம்பு கொஞ்சம் நீளமாகிக்கொண்டு வருகிறது.

பொய். அவர்கள் ஒளிந்தது கரும்புக்காட்டில் இல்லை, என் மேசைக்குப் பின்னால். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மேசை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள் நான். பயிற்சிக் காலத்தில் என்னைக் கல்வராயன் மலைமேல் கரியாலூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த அனுப்பியிருந்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம். அப்பாவும் அம்மாவும் வருஷா வருஷம் கீழே இறங்கிப் போய்க் கரும்பு வெட்டிவிட்டு வருகிறார்கள். அவ்வளவு கரும்பும் எங்கே போகிறது? ஆலையைப் பலகையில் வரைந்து காட்டினேன். "இம்மாந்துண்டுதானா டீச்சர்?" என்று கேட்டார்கள். அளவு பிசகாமல் ஒரு ஆலையைச் செய்து, கட்டாயம் கொண்டுவந்து காட்டுவேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. மாதிரி செய்வது எனக்கு ஒரு கிறுக்கு. பயிற்சிப் பள்ளியில் நான் செய்த, மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைக் கிணற்றை இரண்டு வருஷம் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள்.

அதிர்ஷ்டத்துக்கு என் வீட்டுக்காரருக்கு வேலை மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலையில். வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவார். நல்ல மனுஷன். அண்ணன் முன்னால் வாயைத் திறக்காத நல்ல மனுஷன். நான் கேட்டேன் என்பதற்காக, ஆலை வளாகத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து, சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி வந்து சொல்வார். அதை நான் அடியாக்குவேன். எட்டடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு வைத்தேன். அப்படிப் பார்த்தால் புகைபோக்கி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறையும், டிராக்டர் கட்டைவிரல் நீளம், கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி சுண்டுவிரல் நீளம்.

எல்லாம் சரி. எங்கே வைத்துச் செய்வது?

நடு வீட்டில் ஒரு பலகை போட்டேன். மறுநாள் அதன்மேல் மல்லாட்டை மூட்டை இருந்தது, வேர்க்கடலைதான். அடியில் என் ஆலையின் கூரை. அட்டை வெட்டுவதற்கென்று வாங்கி வைத்த கண்ணாடியில் மாமியார் வடாம் காயவைத்தார். என் இரும்பு ஸ்கேல் மச்சாண்டார் முதுகு சொறியப் போனது. பரண்மேல் ஏற்றினேன், எலி தின்றது. மைதாப் பசைமேல் எலிக்கு அப்படி ஒரு ஆசை. எனக்கென்று ஒரு மூலை வேண்டும், ஒரு மேசை வேண்டும் என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"பொம்பளைக்கி இன்னாத்துக்குத் தனி மேச? நீ இன்னா தாசில்தாரா?" என்றார் மச்சாண்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் கொஞ்சம் சிரித்தார். அந்தக் கொஞ்சத்தை நான் மறக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஓட்டுச் சாய்ப்பு ஒன்று இருந்தது. தூரக் கொட்டாய் என்பார்கள். மாதவிலக்கானால் வீட்டுக்குத் தூரம் என்று சொல்லி, மூன்று நாளும் பெண்கள் அதில்தான் இருக்க வேண்டும். அதற்கென்று தனித் தட்டு, தனிப் பாய், தனிச் சொம்பு. அதற்குள் போன பொருள் வீட்டுக்குள் திரும்பி வராது. ஆண்பிள்ளை அந்தப் பக்கம் தலைகூட வைத்துப் படுக்கமாட்டான். மாமியாருக்கு அந்த வயசு தாண்டிவிட்டது. உபயோகிப்பது நானும் மச்சாண்டார் பெண்சாதியும்தான். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

ஒரு தடவை மூன்று நாளும் அதன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பளிச்சென்று பட்டது. இந்த ஊரிலேயே யாரும் நுழையாத இடம், யாரும் ஒரு பொருளைத் தொடாத இடம் இதுதான். மூட்டை வராது, வடாம் வராது, முதுகு சொறிய ஆள் வராது. போங்கடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய கதவு ஒன்றை அக்காவும் நானும் தூக்கிவந்தோம். செங்கல் அடுக்கினால் ஆடியது. அதனால் நாலு முட்டுக்கட்டை நட்டுக் கதவை அதன்மேல் படுக்கவைத்து ஆணி அடித்தேன். கட்டைகளைச் சுற்றி மண்ணெண்ணெய்த் துணி கட்டினேன், எறும்பு ஏறாது. கூரையில் நாலு ஓடுகளை எடுத்துவிட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடியைச் சொருகினேன். சாயங்காலம்வரை வெளிச்சம் நேராகக் கதவின்மேல் விழுந்தது. பசையில் மயில்துத்தம் கலந்தேன், பூச்சி வாய் வைக்காது. பாதி பிளேடை மூங்கில் குச்சியில் சொருகிக் கத்தி. உப்புத்தாள், ஊசி, நூல் எல்லாம் சுவரில் ஆணி அடித்து அதது அதனதன் இடத்தில். புடவை வந்த அட்டைப்பெட்டிகள் சுவராயின. ஈர்க்குச்சிகள் நீராவிக் குழாயாயின. சோளத்தட்டை நெட்டியில் மாட்டுவண்டிகள். அக்கா அவற்றைச் செய்ய ஆசைப்பட்டார். அவர் செய்த மாடுகளுக்குக் கொம்பு கொஞ்சம் பெரிசு. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தூரமில்லாத நாளிலும் நான் அங்கே போவது தெரிந்து மாமியார் கத்தினார். கத்தி ஓய்ந்தபின் ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்விதான். "அதுல செஞ்சத வெளிய எப்டி எட்த்துக்கினு போவ? தீட்டாச்சே?" அவரே தீர்ப்பும் சொன்னார். மஞ்சத்தண்ணி தெளித்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். அட்டையில் செய்த ஆலைமேல் தண்ணீர் தெளித்தால் என்ன மிஞ்சும்? சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆனாலும் வார்னிஷ் வாங்கிவரச் சொல்லி, சுவர், கூரை, வண்டி, மாட்டின் கொம்புவரை பூசினேன். மஞ்சள் தண்ணீருக்குத் தாங்குகிற மாதிரி ஒரு சர்க்கரை ஆலையை உலகத்தில் வேறு யாராவது கட்டியிருப்பார்களா தெரியாது.

புகைபோக்கி நின்றது. கொதிகலன் கூடம் நின்றது. கரும்புவண்டிகள் வரிசையில் நின்றன. தராசு மேடை மட்டும் பாக்கி. மலைக்கு எடுத்துப் போகிற நாளை நினைத்து நான் பித்துப்பிடித்து அலைந்துகொண்டிருந்தபோதுதான் போராட்டம் வந்தது.

போராட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். கேட்டது நியாயம். எங்கள் ஆட்களில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பயிற்சி முடித்தும் வேலை இல்லாமல் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் எனக்குத் தெரியாதா? ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். கள்ளக்குறிச்சி பஸ் நின்றது, மலைக்குப் போகும் பஸ்ஸும் நின்றது. ஆலைக்குப் போக வழியில்லாமல் என் வீட்டுக்காரரும் வீட்டில் இருந்தார். தினமும் எங்கள் வாசலில்தான் கூட்டம். "எங்க பாத்தாலும் நம்மள வெளியவே குந்த வெச்சிருக்கான்" என்று மச்சாண்டார் கையை ஓங்கிப் பேசுவார். அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டு அடுப்படியில் நான் நின்றேன். அந்த வார்த்தையை அவர் வீட்டுக்குப் பின்னாலும் திரும்பிப் பார்த்துச் சொல்லக்கூடாதா என்று இருந்தது.

ஒருநாள் பகலில் ஜீப் வந்தது. மரம் வெட்டியவர்களைத் தேடி வீடு வீடாக நுழைகிறார்கள் என்று தெருவில் சத்தம். மச்சாண்டாரும் என் வீட்டுக்காரரும் பங்காளியும் பின்கட்டு வழியாக ஓடினார்கள். பின்னால் வெட்டவெளி, அறுவடை முடிந்த கொல்லை, ஒளிய ஒரு புதர் இல்லை. மாமியார் ஒரு நொடி நின்றார். பிறகு மகன்களின் முதுகில் கைவைத்து மூன்று பேரையும் தூரக் கொட்டாய்க்குள் தள்ளினார்.

"நீ போயி வாசப்படியில குந்து. கேட்டா தூரம்னு சொல்லு" என்றார் என்னிடம்.

உட்கார்ந்தேன். பிடித்தால் எலும்பை எண்ணிவிடுவார்கள் என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். என் புருஷனும் உள்ளேதான் இருந்தார்.

இரண்டு போலீஸ்காரர்கள் பின்பக்கம் வந்தார்கள். ஒருவர் தடியால் கொட்டாயைக் காட்டி, "அதுல யாரும்மா?" என்றார்.

"நான்தாங்க. வூட்டுக்குத் தூரமா இருக்கேன்."

அவர் இரண்டடி பின்னால் போனார். அவருக்கும் வீடு இருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் இதேபோல் ஒரு கொட்டாய் இருக்கிறது. அது எனக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அட்டை நசுங்கும் சத்தம். முதலில் ஒரு சின்ன முறிவு, அது புகைபோக்கி. பிறகு வார்னிஷ் பூசிய கூரை படபடவென்று உடைந்தது. உள்ளே யாரோ என் மேசைமேல் ஏறி உட்காருகிறார்கள். என்னால் திரும்ப முடியாது. திரும்பினால் மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள். போலீஸ்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு, "எலிங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அவர்கள் தெருமுனை தாண்டும்வரை நான் அசையவில்லை, பின்னால் ஒவ்வொன்றாக நொறுங்குவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜீப் போனபின் எழுந்து பார்த்தேன். மச்சாண்டார் கதவின் நடுவில் உட்கார்ந்திருந்தார். கீழே பாயில் இடம் இருந்தது. ஆனால் அது தூரப் பாய், அதில் உட்காரமாட்டார். மற்ற இரண்டு பேரும் அதே பாயை மிதிக்காமல் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள். உயிர் போகிற நேரத்திலும் பாயைத் தொடக்கூடாது என்கிற புத்தி இருந்திருக்கிறது. அதற்காக என் ஆலைமேல் உட்கார்ந்திருக்கிறார்.

"அட்டதான. இன்னொண்ணு செஞ்சிக்க" என்றார். வேட்டியில் ஒட்டியிருந்த மாட்டுவண்டியைச் சுண்டிவிட்டுப் பம்புசெட்டுக்குத் தலைமுழுகப் போனார். மற்ற இரண்டு பேரும் பின்னால் போனார்கள். திரும்பி வந்ததும் மாமியார் மூவர்மேலும் மஞ்சத்தண்ணி தெளித்தார். என் ஆலைக்கென்று எடுத்துவைத்த மஞ்சள்தான் அது.

நான் வீட்டுக்குள் போகக் காலெடுத்து வைத்தேன். மாமியார் குறுக்கே கையை நீட்டினார்.

"தூரம்னு தெருவே கேட்டுது. வாயால சொல்லிட்டா சொன்னதுதான். மூணு நாள் அங்கியே இரு."

கேலியாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் முகத்தில் கள்ளம் இல்லை, அதுதான் இன்னும் மோசம். பின்னால் ஈரத்தலையோடு என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று பேரைக் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைத்தது இது. ஒரு சொம்புத் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை.

எனக்கு என்ன வந்ததோ, விறுவிறுவென்று கொட்டாய்க்குப் போனேன். முட்டுக்கட்டைகளை ஆட்டி ஆட்டி ஆணிகளைக் கழற்றினேன். கதவைத் தூக்கப் பார்த்தேன், ஒற்றை ஆளால் ஆகவில்லை. "இந்தப் பக்கம் பிடிங்க" என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். அவர் அண்ணனைப் பார்த்தார்.

அக்காதான் வந்தார். அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுமுனையைத் தூக்கினார். நசுங்கிய ஆலையோடு கதவை நடு வீட்டுக்குள் கொண்டுபோனோம். மாமியார் சுவரோரம் ஒதுங்கினார். சாமிபடத்துக்கு எதிரில், முற்றத்து வெளிச்சம் விழும் இடத்தில், இரண்டு நெல்மூட்டைமேல் போட்டோம்.

வீடு கத்தியது. எடு, எடு என்றார்கள். ஆனால் எடுக்க ஒருவரும் வரவில்லை. தொட்டால் தீட்டு. யாரைக் கூப்பிட்டாலும் முதலில் குளிக்க வேண்டுமா, பிறகு குளிக்க வேண்டுமா என்று கேட்டார்கள். மாமியார் வீடு முழுக்கக் கழுவினார், மூட்டைகளைச் சுற்றி விட்டுவிட்டுக் கழுவினார். மச்சாண்டார் சுவரை உரசிக்கொண்டு சுற்றிப் போனார். நான் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து ஆலையை மறுபடி கட்டினேன். என் ஸ்கேலை அதன்பின் யாரும் தொட்டதில்லை.

மரங்களை இழுத்துப்போட்டு ரோடு திறந்ததும் அக்காவும் நானும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கரியாலூருக்குக் கொண்டுபோனோம். பிள்ளைகள் கொம்பு பெரிசான மாடுகளைத்தான் முதலில் தொட்டார்கள். அக்கா முகத்தை அன்றுபோல் நான் பார்த்ததில்லை.

போன மாதம் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. மச்சாண்டாருக்கு வயசாகிவிட்டது, கதைக்கு மட்டும் வயசாகவில்லை. பேரப்பிள்ளைகள் நடுவில், இன்றும் அதே இடத்தில் இருக்கும், தீட்டென்று இப்போது யாரும் சொல்லாத என் மேசைமேல் காபி டம்ளரை வைத்துவிட்டுக் கரும்புக்காட்டுக்குள் பூந்தார். பாம்பு வரும் இடத்தில் நான் அவரை நிறுத்தினேன்.

"கரும்புக்காடு இல்ல மாமா. எங்க தூரக் கொட்டாய். வாசப்படியில நான் குந்திக்கினு இருந்தன்."

அக்கா மட்டும் தலையை ஆட்டினார்.

"இன்னாத்துக்கு இப்ப அதெல்லாம்" என்றார் அவர்.

"டம்ளர எடுங்க" என்றேன். "நான் வேல செய்யணும்."